மாமா எழுந்தாச்சா?

அந்த வீட்டில் இரண்டு மாமாக்கள். ஒருவர் உள் அறையில் கட்டிலில் படுத்திருப்பவர். இன்னொருவர் வாசலில் நாலு சக்கரத்தோடு படுத்திருப்பவர். இரண்டு பேரையும் காலையில் எழுப்புவதற்குள் அந்த வீட்டின் இரண்டு மருமகள்களுக்கும் போதும் போதும் என்றாகிவிடும்.

மூத்த மருமகளை அந்த மலையூரில் எல்லோரும் மெத்தையக்கா என்பார்கள். மெத்தை தைப்பவளும் இல்லை, விற்பவளும் இல்லை. வாடகைக் கார் ஓட்டுபவள். அந்தக் காரில் ஏறி உட்கார்ந்தால் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும், அதனால் வந்த பெயர். எலும்பு முறிந்தவர்கள், வயிற்றில் தையல் போட்டவர்கள், பிள்ளை பெற்று வீடு திரும்புகிறவர்கள் எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவசரமாகப் போக வேண்டியவன் யாரும் அவளைக் கூப்பிட மாட்டான். சாலையில் ஒரு குழி தெரிந்தால் அதற்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போகிறவள் அவள்.

அதற்கு முன் அவள் ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டிருந்தாள். வாசல்படியைத் தாண்டும்போதெல்லாம் நாற்காலியில் இருப்பவர் "அம்மா" என்று முனகுவார். அந்தச் சத்தம் அவளுக்குப் பழகவே இல்லை. கூட வேலை செய்தவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கதை பேசிக்கொண்டே தள்ளினார்கள். இவள் மட்டும் ஒவ்வொரு படியிலும் தானும் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, தனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லிப் புருஷனைக் கேட்டாள். அவனும் அவன் தம்பியும் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டுபவர்கள். கிளம்பினால் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். "லாரிக்காரன் பெண்டாட்டிக்கு இதெல்லாம் தானா வந்துடும்" என்று பெருமையடித்தவன், முதல் நாளே கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

கார் மலிவாகத்தான் கிடைத்தது. காரணம் இருந்தது. அதன் பேனட்டைத் திறந்து காட்டினால் பாதி மெக்கானிக்குகள் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிடுவார்கள். மற்ற கார்களுக்குச் சக்கரத்தின் மேலே இரும்புச் சுருள் இருக்கும். இதற்கு அது கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு இரும்புக் குண்டு. குண்டுக்குள் ஒரு பக்கம் எண்ணெய், ஒரு பக்கம் வாயு, நடுவே ரப்பர் தோல். எஞ்சின் ஓடினால் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்பும். அந்த எண்ணெய்தான் காரைத் தூக்கி நிறுத்தும். குண்டுக்குள் இருக்கும் வாயு மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் போனால் ராத்திரியெல்லாம் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கி, விடியும்போது கார் வயிறு தரையில் படுகிற மாதிரி குப்புறக் கிடக்கும்.

காலையில் சாவியைத் திருப்பினால் முதலில் பின்பக்கம் எழும். கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு முன்பக்கம் எழும். வாங்கி வந்த மறுநாள் காலை மாமனார் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இது அப்படியே என்னை மாதிரியே எழுந்திருக்குதே! மொதல்ல இடுப்பு, அப்புறம்தான் மத்ததெல்லாம்."

இளைய மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்போ இதுவும் எங்களுக்கு மாமாதான்."

அன்று ஒட்டிக்கொண்ட பெயர். "மாமாவுக்கு எண்ணெய் ஊத்தணும்", "மாமா மேல காக்கா அசிங்கம் பண்ணிடுச்சு" என்று வீடு முழுக்க மாமா மயம். கிழவரே உள்ளே இருந்து, "எந்த மாமாவைச் சொல்றீங்க? நான் காலையிலயே குளிச்சாச்சு" என்று குரல் கொடுப்பார். வேடிக்கையாகத்தான் இருந்தது. வேடிக்கையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும்போதுதான் அதன் விலை தெரியும்.

வண்டியைத் தொட ஒத்துக்கொண்ட ஒரே மெக்கானிக் ஓர் உம்மணாமூஞ்சி. மனுஷன் பேசுவதே அபூர்வம். ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். "எழுந்து நிக்கணும். பம்பு பக்கத்துல 'டிக்'குனு ஒரு சத்தம் வரணும். அது வரைக்கும் நகர்த்தாதீங்க. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் அதே எண்ணெய்தான். குளிர்ல அது இறுகிக்கும், பம்பு வெறுங்காத்தை உறிஞ்சிக்கிட்டு நிக்கும். அப்போ நீங்க தலைகீழா நின்னாலும் பிரேக் பிடிக்காது."

மெத்தையக்கா அதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டாள். குளிர்காலத்தில் அவள் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே போய் வேலையை முடிப்பாள். நடுநடுவே யாராவது வாசலை எட்டிப் பார்ப்பார்கள். அவள் அடுப்படியிலிருந்தே கத்துவாள்: "மாமா எழுந்தாச்சா?" வாசலில் நிற்பவர் கார் நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். வெளியே வந்தவள் பேனட் அருகே காதை வைத்து அந்த 'டிக்'கைக் கேட்ட பிறகுதான் கதவைத் திறப்பாள். ஒருநாள்கூட அவள் அதைத் தவறவிட்டதில்லை, அந்த ஒரு காலையைத் தவிர.

மாமனாருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். அவளேதான் அழைத்து வந்தாள், ஒரு குலுக்கல் இல்லாமல். "நான் கார்ல வந்தேனா, தூங்கிக்கிட்டே வந்தேனா" என்று கிழவர் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். பிறகு காய்ச்சல் வந்தது. தையல் போட்ட இடம் சிவந்து வீங்கியது. அந்த வருஷத்திலேயே மோசமான குளிர் அடித்த அன்று விடிகிற நேரத்தில் அவர் உளற ஆரம்பித்தார். செத்துப்போன அண்ணனை வாசலுக்கு வந்து உட்காரச் சொன்னார்.

இளையவளுக்குக் கை கால் ஓடவில்லை. மெத்தையக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். "உடனே கூட்டிட்டு வாங்க, தாமதம் பண்ணாதீங்க" என்றார்கள். ஆம்புலன்ஸ் கேட்டதற்கு, சாலையெல்லாம் வழுக்குகிறது, எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, காத்திருங்கள் என்று பதில் வந்தது. காத்திருக்கிற நிலைமையா இது? அவள் ஓடிப்போய் சாவியைத் திருப்பினாள். இரண்டு மூன்று முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்தது. கண்ணாடியெல்லாம் உறைபனி. ஓட்டுநர் பக்கம் மட்டும் பார்க்கிற அளவுக்குச் சுரண்டிவிட்டு, பின்சீட்டில் போர்வை விரித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

மருந்துச் சீட்டுகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தவள், பழக்க தோஷத்தில் கத்தினாள்: "மாமா எழுந்தாச்சா?"

உள் அறையில் இளையவள் அப்போதுதான் கிழவரின் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து அவரைத் தூக்கி உட்கார வைத்திருந்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அந்தச் சந்தோஷத்தில் அவள் பதிலுக்குக் கத்தினாள்: "எழுந்தாச்சு அக்கா, எழுந்தாச்சு!"

அவ்வளவுதான் நடந்தது. கேட்டவள் ஒரு மாமாவைக் கேட்டாள். சொன்னவள் இன்னொரு மாமாவைச் சொன்னாள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

எதிர்வீட்டு வெல்டர் வந்து கிழவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். இளையவள் முதலில் ஏறி அவர் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். வெல்டர் குனிந்தபடியே, "என்னக்கா, உங்க வண்டி இவ்வளவு தாழ்வாவா இருக்கும்?" என்றார். மெத்தையக்காவின் காதில் அது விழுந்தது. ஆள் ஏறினால் அந்தக் கார் கொஞ்சம் தாழ்ந்து, பிறகு தானாக நிமிரும். அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் அது எப்போதுமே சாவகாசமாகத்தான் அணையும். எழுந்தாச்சு என்று சொல்லியாகிவிட்டதே. மாமனார் மறுபடி அண்ணனைக் கூப்பிட்டார். அவள் பேனட்டில் காதை வைக்கவில்லை. கியரைப் போட்டாள்.

தெருவின் முதல் பாதி சமதளம். வண்டி கட்டையாகத் தடதடத்தது. ஸ்டியரிங் வழக்கத்தைவிட முரண்டு பிடித்தது. குளிர்தானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதிக்குமேல் தெரு சரியத் தொடங்கும். சரிவின் அடியில் பெரிய சாலை. காலை நேரத்தில் அங்கே பஸ்களும் பால் வண்டிகளும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போகும். சரிவு ஆரம்பிக்கிற இடத்தில் அவள் பிரேக்கில் காலை வைத்தாள்.

பெடல் அசையவில்லை. சுவரை மிதித்த மாதிரி இருந்தது.

இன்னொரு முறை மிதித்தாள். உடம்பின் கனத்தையெல்லாம் காலுக்குக் கொண்டுவந்து மிதித்தாள். கார் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கணத்தில்தான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து புரிந்தது: வெல்டர் சொன்னது, தடதடப்பு, முரண்டு பிடித்த ஸ்டியரிங், கேட்காத 'டிக்'. வாசல் மாமா எழுந்திருக்கவே இல்லை.

"நீ எந்த மாமாவைடி சொன்னே?" என்று கத்தினாள்.

"என்னக்கா?"

"எந்த மாமா எழுந்தாச்சு?"

பின்னாலிருந்து "ஐயோ அக்கா" என்று மட்டும் வந்தது.

கைப்பிரேக்கை இழுத்தாள். அது தளர்ந்த பல் மாதிரி மேலே வந்தது. வேகம் கொஞ்சம் குறைந்த மாதிரி ஒரு பாவனை, அவ்வளவுதான். இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்குத் தள்ளினாள். எஞ்சின் அலறியது. இளையவள் பின்னாலிருந்து, "நிறுத்துங்க அக்கா, சாவியைத் திருப்புங்க, எஞ்சினை நிறுத்துங்க!" என்று கதறினாள். மெத்தையக்காவின் கை அவளைக் கேட்காமலே சாவிக்குப் போனது. விரல் சாவியைத் தொட்டும்விட்டது.

எஞ்சினை நிறுத்தினால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் கடைசிவரை பிரேக் வராது. எஞ்சின் அலறினால்தான் பம்பு வேகமாகச் சுற்றும். சுற்றினால் இறுகிய எண்ணெய் எப்போதாவது வந்துதானே ஆக வேண்டும்? அவள் கையைப் பிடுங்கி ஸ்டியரிங்கில் வைத்தாள். கத்துகிற எஞ்சின் கத்தட்டும்.

ஆனால் தெரு முடிவதற்குள் எண்ணெய் வருமா? யாருக்குத் தெரியும்!

சரிவின் நடுவில் ஒரு வேகத்தடை இருந்தது. எவனோ கோபத்தில் போட்டமாதிரி உயரமாக, முரட்டுத்தனமாக. அதைப் போட்டவனை அவள் திட்டாத நாள் கிடையாது. வலது ஓரத்தில் அது உடைந்து ஒரு இடைவெளி விட்டிருந்தது. நோயாளியோடு போகும்போதெல்லாம் அவள் அந்த இடைவெளியில் ஊசியில் நூல் கோப்பதுபோல் காரை நுழைத்து, அலுங்காமல் தாண்டிவிடுவாள். அந்த வித்தையைப் பார்ப்பதற்கென்றே தெருமுனை டீக்கடைக்காரர் தலையைத் தூக்குவார்.

இப்போது இடைவெளி வலது பக்கத்தில் தெரிந்தது. கை தானாக வலப்பக்கம் ஒடித்தது. அந்த வழியாகப் போனால் அலுங்காமல் போகலாம். அலுங்காமல் பெரிய சாலையின் நடுவுக்கே போய்ச் சேரலாம்.

நேராகப் போனால்? கார் வயிறு தரையோடு தரையாகக் கிடக்கிறது. நேராக மோதினால் வேகத்தடை அதன் வயிற்றைப் பிடித்து நிறுத்தும். முழுசாக நிறுத்தாவிட்டாலும் பாதி வேகத்தைத் தின்னும். பின்சீட்டில் இருப்பவரின் வயிறு? குண்டுகளில் எண்ணெய் இல்லை, வாயு குளிரில் சுருங்கிக் கிடக்கிறது. மெத்தை எல்லாம் இன்றைக்குக் கிடையாது. அந்த அடி முழுசாகத் தையலில் இறங்கும்.

வாசல்படியில் பல்லைக் கடித்த பெண் அவள். ஒரு முனகலுக்குப் பயந்து பிழைப்பையே மாற்றிக்கொண்டவள். அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் மல்லுக்கட்டி இடப்பக்கம் திருப்பி, வேகத்தடையின் நட்டநடுவுக்குக் காரை நேராகப் பிடித்தாள்.

"அவரைக் கட்டிப் பிடிச்சுக்கோ! வயித்துல கையை வச்சு அழுத்திப் பிடி! விடாதே!"

முன்சக்கரங்கள் ஏறி விழுந்தன. அவள் தலை கூரையில் இடித்தது. பிறகு காரின் வயிறு தடையின்மேல் உட்கார்ந்து நீளமாகத் தேய்த்துக்கொண்டு போனது. தகரம் கிழிகிற சத்தம். அதற்கும் மேலாக, பின்னாலிருந்து ஒரு அலறல். மாமனார் அவ்வளவு சத்தமாகக் கத்தி அவள் கேட்டதில்லை. பின்சக்கரங்களும் ஏறி இறங்கின. இன்னொரு அலறல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

கார் நடக்கிற வேகத்துக்கு வந்திருந்தது. ஆனாலும் நிற்கவில்லை. சரிவு அதை விடுவதாக இல்லை. கீழே பெரிய சாலையில் ஒரு பஸ் குறுக்கே போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று வருவது தெரிந்தது. அவள் பெடலை மிதித்தாள். கல். மறுபடி மிதித்தாள். கல். டீக்கடைக்காரர் கையில் டம்ளரோடு சாலை ஓரத்துக்கு ஓடி வந்து பஸ்ஸைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"எழுந்திருங்க மாமா" என்றாள். காரைத்தான் சொன்னாளா, பின்னால் சத்தம் அடங்கிக் கிடந்தவரைச் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியாது. "எழுந்திருங்களேன்!"

டிக்.

காலுக்கடியில் பெடல் உயிர் வந்ததுபோல் லேசாக இறங்கியது. சக்கரங்கள் பிடித்தன. பெரிய சாலையின் விளிம்பில், மூக்கு மட்டும் உள்ளே நீட்டியபடி கார் நின்றது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே அதன் மூக்கை உரசாத குறையாகக் கடந்து போனது. ஓட்டுநர் ஜன்னல் வழியாக என்னவோ திட்டினார். அவர் திட்டியதில் நியாயம் இருந்தது.

அவள் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. அவளுக்குக் கீழே, மெதுவாக, வெகு மெதுவாக, காரின் பின்பக்கம் எழுந்தது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு முன்பக்கம் எழுந்தது.

"அக்கா, ரத்தம் வருது" என்றாள் இளையவள்.

மீதி வழியை அவள் எப்படி ஓட்டினாள் என்று பிறகு கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. கார் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி மெத்தையாகப் போனதாம். அது அவளுக்குக் கோபத்தைத்தான் தந்தது.

ஆஸ்பத்திரியில் அவரை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். மறுபடி ஆபரேஷன் என்றார்கள். கதவு மூடியதும் இரண்டு மருமகள்களும் வராந்தாவில் தனியாக நின்றார்கள். இளையவளின் புடவையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"எந்த மாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள் மெத்தையக்கா.

"எந்த மாமான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் இளையவள். "உயிருக்குப் போராடுற மனுஷன் உள்ளே கிடக்கிறார். எனக்கு வேற எந்த மாமா நினைப்பு வரும்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நோயாளியோடு ஒருவர்தான் இருக்கலாம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது, மெத்தையக்கா படியிறங்கி வந்துவிட்டாள்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் மாலைவரை நின்றாள். குளிர் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. வெல்டர் வந்து காருக்கடியில் குனிந்து பார்த்து, கிழிந்து தொங்கிய தகரத்தைக் கம்பியால் கட்டிவிட்டுப் போனார். டாக்டர் ஒருமுறை கீழே வந்தார். உள்ளே சீழ் கட்டியிருந்தது, எப்படியும் தையலைப் பிரித்துத்தான் ஆகியிருக்க வேண்டும் என்றார். நேரத்துக்குக் கொண்டுவந்தது நல்லது, ஆனால் வயசானவர், மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தால்தான் நிச்சயமாக எதுவும் சொல்ல முடியும் என்றார். அவள் தலையை ஆட்டினாள். எப்படியும் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்பது அவளுக்கு ஆறுதலாகவே இல்லை. அந்த அலறல் காதிலேயே இருந்தது.

எஞ்சினை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. நிறுத்தினால் கார் படுத்துவிடும். இன்றைக்கு அது படுக்கக் கூடாது என்று தோன்றியது. அர்த்தமில்லாத பிடிவாதம்தான், அவளுக்கும் தெரியும். குளிர் எண்ணெயை இறுக்கிவிடாதபடி எஞ்சினை ஓடவிட்டு, பேனட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, 'டிக்', 'டிக்' என்று அவ்வப்போது வரும் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள்.

இருட்டுகிற நேரத்தில் போன் அடித்தது. மாடியிலிருந்து இளையவள். எடுத்ததும் மூச்சிரைக்கிற சத்தம்தான் கேட்டது. பிறகு ஒரே ஒரு வார்த்தை.

"எழுந்தாச்சு!"

அடுத்து மெத்தையக்கா கேட்ட கேள்வி பழக்கத்தில் வந்தது இல்லை. இனிமேல் அந்த வார்த்தையை ஒருநாளும் சும்மா நம்பக் கூடாது என்று காலையிலிருந்து நெஞ்சில் அறைந்து வைத்திருந்தாள்.

"எந்த மாமா?" என்றாள்.

இளையவள் சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள்: "இன்னொரு மாமா உங்க பக்கத்துலதானே அக்கா நிக்கிறார்? பார்த்துச் சொல்லுங்க. கண்ணைத் திறந்ததும் அவரைத்தான் கேட்டார்."

மெத்தையக்கா திரும்பிப் பார்த்தாள். கிழிந்த வயிறும் கம்பிக்கட்டுமாக, கார் நாலு சக்கரத்திலும் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. "நிமிர்ந்துதான் நிக்கிறார்னு சொல்லு" என்றாள். குனிந்து சாவியைத் திருப்பி, காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தினாள்.